வீட்டில் மட்டும் ஹேங் ஆகும் லேப்டாப்

முஹோஞ்சாவின் வீட்டில் துணி போர்த்தாத பொருள் ஏதாவது உண்டென்றால் அது அடுப்பு மட்டும்தான். சோபாவின் முதுகில் ஒன்று, அதன் கைகளில் ஒவ்வொன்று, பழைய டிவியின் தலையில் ஒன்று, அதன் மேலிருந்த பிளாஸ்டிக் பூச்சாடிக்கு அடியில் ஒன்று என்று எங்கு பார்த்தாலும் பின்னல் விரிப்புகள். எல்லாம் கம்பளி நூலில் கொக்கி ஊசி கொண்டு அவளே பின்னியவை. கென்யாவின் நகுரு ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஏறக்குறைய இதே காட்சிதான். ஒரு நாற்காலி மொட்டையாக நின்றால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். சனிக்கிழமை அத்தனையும் கழற்றித் துவைத்து, கஞ்சி போட்டு, கொடியில் உலர்த்தி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு திரும்ப விரிப்பாள். அந்த இரண்டு நாளும் வேறு எந்த வேலையும் அவளிடம் நடக்காது.

விஹிகா மலைப்பக்கத்தில் பிறந்து, லாரி ஓட்டும் கிசியாவைக் கல்யாணம் செய்துகொண்டு நகுருவுக்கு வந்தவள் அவள். கிசியா மொம்பாசா துறைமுகத்தில் சரக்கு ஏற்றினால் எல்லையைத் தாண்டி இறக்கிவிட்டு வர வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கோர்ட்டுக்கு எதிரே இருந்த டைப்பிங் கடையில் சேர்ந்தாள். வக்கீல்கள் நின்றபடியே சொல்லச் சொல்ல, அவர்கள் மூச்சு விடுவதற்குள் அடித்து முடித்துவிடும் கை. ஆனால் ஊரில் எல்லார் கையிலும் கம்ப்யூட்டரும் போனும் வந்ததும் டைப்பிங் கடையில் ஈ ஓட்ட ஆரம்பித்தார்கள். முதலாளி ஒரு நாள் கடையை உருளைக்கிழங்கு வறுவல் கடையாக மாற்றினார். முஹோஞ்சாவைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் கை வேகமாச்சே, கிழங்கு சீவுறியா?" என்று கேட்டார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அதன் பிறகு பெண்கள் சீட்டுக் குழு மூலம் அவள் ஒரு பழைய லேப்டாப் வாங்கினாள். அது வந்த அன்று குழுப் பெண்கள் எல்லாரும் வந்து, டீ குடித்து, ஜெபம் செய்து, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வைபவத்துக்கென்றே முஹோஞ்சா ஒரு விரிப்பு பின்னியிருந்தாள். ரோஸ் நிறம், இரட்டை மடிப்பு, நடுவில் புடைத்து நிற்கும் பூக்கள், ஓரமெல்லாம் குஞ்சம். மெத்தை போலிருந்த அதன்மேல் லேப்டாப் மகாராணி போல உட்கார்ந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பேச்சுப் பதிவுகளை அனுப்பும். அதைக் காதில் மாட்டிக் கேட்டு எழுத்தாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். ஏதோ ஒரு தூரதேசத்து ஊர்மன்றத்தில் குப்பைத் தொட்டிக்காக நடந்த சண்டையெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தன் சொந்த வேலை, தன் சொந்த மேசை. இனி யாரும் தன்னைக் கிழங்கு சீவக் கூப்பிட முடியாது என்று ராத்திரி படுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

வீட்டில் இன்னொரு ஆளும் இருந்தான். கிசியாவின் தம்பி அசாவா. கல்லூரியில் சரக்குக் கிடங்கு நிர்வாகம் படித்துவிட்டு, வேலை தேட ஒரு வாரம் தங்கிப் போகிறேன் என்று வந்தவன், மழைக்காலங்கள் பல பார்த்துவிட்டான். வாசற்படியில் குனிந்து வரும் உயரம், அதற்கேற்ற பசி. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, தண்ணீர் பிடிப்பான், சோள மாவில் உகாலிக் களி கிண்டுவான், கூரை ஒழுகினால் ஏறுவான். ஒரே ஒரு முறை சோபாவின் வெள்ளை விரிப்பில் டீக் கோப்பையை வைத்து வட்டமாகக் கறையாக்கிவிட்டான். முஹோஞ்சா அவனைத் திட்டவில்லை. பல நாள் அவனோடு பேசவே இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று அவன் அண்ணனிடம் போனில் புலம்பினான்.

முஹோஞ்சா வேலை முடித்து சமையலுக்கு எழுந்ததும், சாயங்காலம் அசாவா லேப்டாப்பில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் எழுதுவான். அப்போது ரோஸ் விரிப்பை உருவி, மடித்து, ஜன்னல் மேடையில் வைத்துவிடுவான். அடுப்படியிலிருந்து அதைப் பார்த்த ஒரு நாள் அவளுக்குச் சுருக்கென்றது.

"ஏன் தம்பி, அது என்ன தரை துடைக்கிற துணியா? சுருட்டி மூலைல போட்டுருக்க?"

"சுருட்டல அண்ணி, மடிச்சுத்தான் வெச்சேன்."

"என் மெஷின மொட்ட மேசைல வெக்கிறதுக்கு இது என்ன டீக்கடையா?"

மறுநாள் அவன் அவள் கண்ணில் படாமல் அதையே செய்தான்.

ஜனவரி வெயிலில்தான் சனியன் பிடித்தது. முதலில் லேப்டாப்புக்குள் விசிறி இரைந்தது. பிறகு, அடித்துக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் பாதியில் நின்றது. அம்புக்குறி அசையாது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கல்லுளிமங்கன் மாதிரி இருக்கும். சிறிது நேரத்தில் திரை கறுத்து, தானாக அணைந்துபோகும். திரும்பப் போட்டால் முன்பு அடித்ததில் பாதியைக் காணோம். கரண்டில் கோளாறு என்று நினைத்து அடுத்த வீட்டு செரோப் அம்மாவின் வீட்டிலிருந்து வயர் இழுத்துப் பார்த்தாள். வைரஸ் என்று நினைத்து அதற்கான புரோகிராமை ஓடவிட்டாள். அது பாதி ஓடுவதற்குள் லேப்டாப் படுத்துவிட்டது. இரண்டு பதிவுகள் தாமதமாகப் போயின. நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். இன்னும் ஒரு முறை தாமதமானால் வருத்தத்துடன் உங்கள் கணக்கை மூட வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அந்த 'வருத்தத்துடன்' என்ற சொல்லைப் படித்தபோது, பழைய முதலாளி கிழங்கு சீவக் கூப்பிட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது.

லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு டவுனுக்கு ஓடினாள். ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் முரேய்தி என்பவன் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். கையை விட வாய் அதிகம் வேலை செய்யும் ஆள். லேப்டாப்பைத் தன் பலகை மேல் வைத்துப் பாட்டுப் போட்டுவிட்டான். மதியம் முழுக்க அது பாடியது. ஒரு இருமல் கூட இல்லை.

"என்னக்கா, குதிர மாதிரி ஓடுது. இதப் போயி நோயாளிங்கிறீங்க!"

"என் வீட்ல வந்து பாரு. சோறு வேகுறதுக்குள்ள செத்துப் போகுது."

"சரி, உங்க மனசுக்காக எல்லாத்தையும் அழிச்சு புதுசா ஏத்தித் தரேன். பொறந்த கொழந்த மாதிரி ஆயிடும்."

பிறந்த குழந்தை வீட்டுக்கு வந்து மறுநாள் மதியத்துக்குள் மூச்சை நிறுத்திக்கொண்டது. மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினாள். மறுபடி அங்கே அது சமர்த்தாக ஓடியது. முரேய்தி சிரித்துவிட்டான்.

"அக்கா, இதுக்கு ஒண்ணும் இல்ல. உங்க வீடுதான் இதுக்குப் புடிக்கல. வீட்ல யாரு இருக்கா?"

அவன் சும்மா வாயில் வந்ததைச் சொன்னான். அது அவள் காதில் புகுந்து அங்கேயே குடியேறிவிட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தாள். யோசிக்க அங்கே ஊர் ஜனமா இருக்கிறது? செரோப் அம்மாவிடம் சொன்னபோது, அவள் வாசலில் கிடந்த அசாவாவின் பெரிய செருப்பைப் பார்த்துக்கொண்டே, "மெஷினுக்கென்ன தெரியும் பாவம். மனுஷங்க பண்றதுதான்" என்றாள். அவளுக்கு இப்படிப் பற்றவைத்துவிட்டுப் போவதென்றால் பால் பாயசம்.

அன்று சாயங்காலம் முஹோஞ்சா அடுப்பைப் பார்க்காமல் அசாவாவையே பார்த்தாள். அவன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். அது ஓடியது. உகாலி வெந்து, கீரை வதங்கி, இருட்டியும் ஓடியது. பகலில் தன்னிடம் மண்ணாங்கட்டியாகக் கிடந்த அதே மெஷின் அவன் கையில் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஓடியது. அடுத்த நாளும் அப்படியே. நிறுவனம் கடைசி வாய்ப்பாகக் கொடுத்திருந்த பெரிய பதிவு ஒன்று திங்கட்கிழமைக்குள் போக வேண்டும். வெள்ளிக்கிழமை அதில் கால்வாசி முடித்திருந்தபோது திரை கறுத்தது. அவள் எழுந்து முற்றத்துக்குப் போனாள். அசாவா தண்ணீர் வாளிகளோடு உள்ளே வந்துகொண்டிருந்தான்.

"அசாவா, இங்க வா."

அவள் எப்போதும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாள். பெயரைக் கேட்டதும் அவன் வாளியைக் கீழே வைத்தான்.

"என்ன பண்ண என் மெஷின?"

"நான் என்ன அண்ணி பண்ணேன்?"

"எனக்குச் செத்துப் போகுது, உனக்கு மட்டும் எப்படி ஓடுது? சொல்லு. நான் கண்ணால பாத்தேன்."

"எனக்கும் அது புரியல அண்ணி. நெஜமா தெரியல."

"ஏதோ உள்ள போட்டு வெச்சிருக்க. நான் வேல செய்யறது உனக்குப் பொறுக்கல. உனக்கு வேல கெடைக்கல, எனக்கும் இருக்கக் கூடாதுன்னு நெனைக்கிற."

"அண்ணி!" என்றான் அவன். பிறகு குரல் இறங்கியது. "நான் தொட்டதுல ஏதாவது கெட்டுப் போயிருந்தா மன்னிச்சிருங்க. வேணும்னு பண்ணல."

அது போதும் அவளுக்கு. மன்னிப்புக் கேட்டவன் குற்றவாளிதான் என்று அவள் மனம் முடிச்சுப் போட்டுவிட்டது. கோபத்தில் இருக்கிறவர்களுக்கு எதிராளி மறுத்தாலும் ஆதாரம், பணிந்தாலும் ஆதாரம். "நாளைக்கு விடிஞ்சா உன் மூஞ்சி இங்க இருக்கக் கூடாது" என்றாள்.

சனிக்கிழமை காலை அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "போயிட்டு வரேன் அண்ணி" என்றான். அவள் தொட்டியில் விரிப்புகளைக் கசக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. துவைத்து முடித்து எல்லாவற்றையும் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். வீடே உரித்த கோழி மாதிரி இருந்தது. சனிக்கிழமையில் வேலை செய்யும் வழக்கம் இல்லை, ஆனாலும் திங்கட்கிழமை கழுத்தில் உட்கார்ந்திருந்தது. வெறும் மேசை மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள்.

ஓடியது. மதியம் தாண்டியும் ஓடியது. பொழுது சாயும் வரை ஒரு தடவை கூட நிற்கவில்லை. பெரிய பதிவில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. முஹோஞ்சா கிசியாவுக்குப் போன் போட்டாள்.

"பாத்தீங்களா? உங்க தம்பி வாசல் தாண்டினான், மெஷின் சரியாயிடுச்சு. நான் சொன்னா நம்ப மாட்டீங்களே."

கிசியா எங்கோ நெடுஞ்சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தான். லாரிகள் போகும் சத்தம் கேட்டது. "அவன் அப்படிப்பட்டவன் இல்ல முஹோஞ்சா" என்றான்.

"அப்ப இது எப்படி ஓடுது? சொல்லுங்க பாப்போம்."

தம்பி எங்கே போயிருக்கிறான் என்று மட்டும் கேட்டான். அவள் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. போனை வைத்த பிறகு ஜெயித்த சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. உகாலி வழக்கம்போல் இரண்டு பேருக்குக் கிண்டிவிட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நன்றி சொல்லி ஜெபித்தாள். வீட்டுக்கு வந்து, கஞ்சி போட்டு விறைப்பாக நின்ற விரிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைசியாக ரோஸ் விரிப்பை மேசையில் விரித்து, குஞ்சங்களை நீவி, லேப்டாப்பை அதன்மேல் அமர்த்தினாள். திங்கட்கிழமை விடிந்ததும் உட்கார்ந்தாள். கொஞ்சம்தான் பாக்கி. டீ ஆறுவதற்குள் விசிறி இரைந்தது. டீ ஆறியபோது திரை உறைந்து நின்றது.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அசாவா படுக்கும் மூலையில் அவன் பாய் சுருட்டி நிறுத்தியபடி இருந்தது. இனிக் குற்றம் சொல்ல வீட்டில் அவளும் அந்த மெஷினும்தான் மிச்சம். அழுகையை அடக்கிக்கொண்டு, மறுபடி முரேய்தியிடமே ஓடலாம் என்று லேப்டாப்பைத் தூக்கினாள். அடிப்பக்கம் விரலைச் சுட்டது. வெடுக்கென்று கையை எடுத்தாள். சரிந்த லேப்டாப்பின் வயிற்றில் காற்றுப் போகும் துவாரங்கள் தெரிந்தன. அவற்றில் ரோஸ் நிறத்தில் பஞ்சு அடைத்திருந்தது.

ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தது. முரேய்தியின் மொட்டைப் பலகை, சனிக்கிழமையின் மொட்டை மேசை, ஜன்னல் மேடையில் மடித்து வைக்கப்பட்ட விரிப்பு. விரிப்பை உருவித் தரையில் வீசினாள். விசிறியின் வாயை இடுப்புத் துணியின் நுனியால் துடைத்து, லேப்டாப்பை வெறும் மரத்தில் வைத்து, சூடு ஆறும் வரை பேப்பரால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு அது ஓடியது. பதிவை முடித்து அனுப்பினாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, நன்றி என்று பதில் வந்தது. கணக்கு தப்பியது. அவள் அந்த நன்றியைத் திரும்பப் படிக்கக்கூட இல்லை.

மறுநாள் முரேய்தி அதன் அடிப்பலகையைக் கழற்றினான். உள்ளே விசிறியைச் சுற்றி ரோஸ் நிறப் பஞ்சு திரண்டு, குருவிக்கூடு போல உட்கார்ந்திருந்தது.

"அடேயப்பா! உங்க வீட்டு விரிப்புல பாதி இதுக்குள்ளதான்க்கா இருக்கு. மெஷினுக்கு ஸ்வெட்டர் போட்டு, வாயையும் பொத்திட்டீங்க. மூச்சு முட்டித்தான் படுத்திருக்கு."

"இத நீ அன்னைக்கே தெறந்து பாத்திருக்கலாம்ல?"

முரேய்தி தலையைச் சொறிந்தான். "இங்க நல்லா ஓடிச்சேக்கா. ஓடுற வண்டிய யாரு தெறந்து பாப்பா?"

அவனைத் திட்டவும் அவளுக்குத் தெம்பில்லை. வீட்டில் யார் என்று கேட்டது அவன்தான். அதற்கு ஒரு பெயரைக் கண்டுபிடித்தது அவன் இல்லை.

அசாவாவுக்கு அன்றே போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அவன் நைவாஷாவில் ஒரு பூப்பண்ணையில் இருப்பதாகக் கிசியா விசாரித்துச் சொன்னான். காதலர் தினத்துக்கு ரோஜா ஏற்றுமதி நடக்கும் நேரம், ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குளிர்கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. முஹோஞ்சா விடாமல் போன் செய்தாள். ஒரு சாப்பாட்டு இடைவேளையில் எடுத்தான்.

"அண்ணி? ஒரு மாதிரி இருக்கே உங்க குரல். மெஷின் சரியா ஓடுதா?"

முதல் கேள்வியே அதுதான்.

"தம்பி, அது நீ இல்லடா. என் விரிப்புதான். அந்த ரோஸ் விரிப்பு. நூலெல்லாம் உள்ள போயி அடச்சுக்கிச்சு. நீ அத எடுத்துட்டு வெப்ப, அதான் உனக்கு ஓடிச்சு."

அந்தப் பக்கம் யாரோ யாரையோ பெட்டியை நகர்த்தச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"அது எனக்கும் தெரியாது அண்ணி. அதுல டீ கீ சிந்திடுவேனோன்னு பயம். சோபா விரிப்புல கறையாக்கினேன்ல. அதான் நான் உக்காரும்போது எடுத்து பத்திரமா மடிச்சு வெச்சிடுவேன்."

முஹோஞ்சா சுவரில் சாய்ந்துகொண்டாள். "என்ன மன்னிச்சிடு தம்பி. என் வாய்ல புழு விழ. நீ கெளம்பி வா. இன்னைக்கே வா."

"நான்தான் என்னவோ பண்ணிக் கெடுத்துட்டேன்னு நானே நம்பிட்டேன் அண்ணி. என்ன பண்ணேன்னுதான் புரியல. அதயே யோசிச்சிட்டு இருந்தேன்." அவன் லேசாகச் சிரித்தான். "போன வாரம் இங்க மேனேஜர் வந்து, பெட்டிக் கணக்கு பாக்க கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் யாராச்சும் இருக்கீங்களான்னு கேட்டாரு. நான் படிச்சதே அதுதானே. ஆனா தலையக் குனிஞ்சுக்கிட்டேன். நான் தொட்டு அதுவும் நின்னுபோச்சுன்னா?"

"போடா, இப்பவே போய்ச் சொல்லு! இந்த நிமிஷமே போ, எனக்குத் தெரியும்னு சொல்லு!"

"வேற ஆளப் போட்டாச்சு அண்ணி. கூப்புடறாங்க, பெட்டி ஏத்தணும். வெக்கட்டுமா?"

சாப்பிட்டாயா என்று கேட்க அவள் வாயெடுப்பதற்குள் அவன் வைத்துவிட்டான்.